உங்கள் 7.8 எத்தனை சதவீதம்?

விண்ணப்பப் படிவத்தில் "மொத்த சதவீதம்" என்று ஒரு கட்டம் இருக்கும். கையில் இருக்கும் மார்க் ஷீட்டிலோ சதவீதமே கிடையாது, சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் பத்துக்குப் போடும் சராசரிப் புள்ளி) 7.80 என்று மட்டும் அச்சாகியிருக்கும். ஒருவர் பத்தால் பெருக்கி 78 என்று போடுவார். இன்னொருவர் 9.5-ஆல் பெருக்கி 74.1 என்பார். மூன்றாமவர் 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கி 70.5 என்பார். மூவர் கையிலும் அதே 7.80தான். கட்-ஆஃப் 75 என்றால் முதலாமவர் உள்ளே, மற்ற இருவரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

இதில் எது சரி என்று கேட்டால், பதில் கணக்குப் புத்தகத்தில் கிடைக்காது. கிரேடு போடும்போதே மதிப்பெண் தொலைந்துவிடுகிறது; தொலைந்ததை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது. ஒவ்வொரு சூத்திரமும் ஒரு நிறுவனம் போட்ட விதி, அவ்வளவுதான். யாருக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அவர்கள் எந்த விதியை ஏற்கிறார்கள் என்பதே பார்க்க வேண்டியது.

மதிப்பெண் தொலையும் இடம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனை, அதாவது அந்த ஆண்டு வந்த விதித் தொகுப்பை, எடுத்துக்கொள்வோம். 91 முதல் 100 வரை ஓ கிரேடு, 10 புள்ளி. 81–90 ஏ பிளஸ், 9 புள்ளி. 71–80 ஏ, 8 புள்ளி. 61–70 பி பிளஸ், 7 புள்ளி. 50–60 பி, 6 புள்ளி. அதற்குக் கீழே ஆர்ஏ. மாணவர் மொழியில் அரியர்.

கிரெடிட் என்பது பாடத்தின் எடை. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றில் 80 வாங்கியவருக்கு 8 × 4 = 32. 81 வாங்கியவருக்கு 9 × 4 = 36. அந்த செமஸ்டரில் மொத்தம் 22 கிரெடிட் என்றால், ஒரே ஒரு மார்க்கால் எஸ்ஜிபிஏ (அந்த ஒரு செமஸ்டரின் சராசரிப் புள்ளி) 0.18 ஏறிவிடுகிறது. ஆனால் 71-லிருந்து 80 வரை ஒன்பது மார்க் கூடுதலாக வாங்கினாலும் ஒரு புள்ளிகூட நகராது. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: விடைத்தாள் நகலைப் பார்த்துக் கூட்டினால் அடுத்த கிரேடின் விளிம்பைத் தாண்டுமா? 74 என்பது 78 ஆவதற்குக் கட்டும் பணம் வீண்.

இப்போது எல்லாப் பாடத்திலும் சரியாக 71 வாங்கிய ஒருவரையும், எல்லாப் பாடத்திலும் சரியாக 80 வாங்கிய ஒருவரையும் வைத்துப் பாருங்கள். இருவர் சிஜிபிஏவும் 8.00. பத்தால் பெருக்கினால் 80. அது அந்த வரம்பின் மேல் விளிம்பு. 9.5-ஆல் பெருக்கினால் 76. அது ஏறக்குறைய நடு. 0.75-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால் 72.5, கீழ் விளிம்புக்குப் பக்கம். மூன்று சூத்திரங்களும் தொலைந்த மார்க்கை மூன்று இடத்தில் தேடுகின்றன. இரண்டாமவருக்குப் பத்தால் பெருக்குவது நியாயம், முதலாமவருக்கு 0.75 முறை நியாயம். சூத்திரத்துக்கு யார் எவர் என்று தெரியாது.

இந்த 9.5 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தவறாகப் பிடித்துக்கொள்ளும் எண் இதுதான். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 2017 வரை இருந்த தொடர் மதிப்பீட்டு முறைக்காக அந்த வாரியம் கொடுத்த எண் அது. 10 புள்ளி வாங்கிய மாணவர் 91-க்கும் 100-க்கும் இடையில் எங்கோ இருப்பார், சுமாராக 95 என்று வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் எண்ணம். கல்லூரிப் பட்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்கள் பல்கலைக்கழகமே 9.5 என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய அதைத் தொட வேண்டாம்.

ரிலேட்டிவ் கிரேடிங் வந்தபின் நிலைமை

மேலே சொன்ன வரம்புகள் நிலையானவை. பல தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் ஐஐடிகளும் வகுப்பின் போக்கைப் பார்த்துத்தான் கிரேடு போடுகின்றன. பரவலாகக் காணப்படும் ஒரு விதி இப்படிப் போகும்: வகுப்புச் சராசரிக்கு மேல் ஒன்றரை திட்டவிலக்கம் (மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) இருந்தால் எஸ், 10 புள்ளி. அதற்குக் கீழே, சராசரியை விட அரை திட்டவிலக்கமாவது கூடுதல் என்றால் ஏ, 9. சராசரியைச் சுற்றி இருபுறமும் அரை திட்டவிலக்கத்துக்குள் பி, 8. அதற்குக் கீழே சராசரியை விட ஒரு திட்டவிலக்கம் குறைவு வரை சி, 7.

கடினமான தாள் ஒன்றில் சராசரி 52, திட்டவிலக்கம் 14 என்று வையுங்கள். எஸ் எல்லை 73, ஏ எல்லை 59. அறுபது வாங்கியவருக்கு ஏ, 9 புள்ளி. எளிதான தாள் ஒன்றில் சராசரி 78, திட்டவிலக்கம் 8. எஸ் எல்லை 90, ஏ எல்லை 82, பி எல்லை 74, சி எல்லை 70. எழுபத்திரண்டு வாங்கியவருக்கு சி, 7 புள்ளி. பத்தால் பெருக்கும் ஆள் முதல் மாணவருக்கு 90 சதவீதமும் இரண்டாமவருக்கு 70 சதவீதமும் கொடுப்பார். உண்மையான மார்க் 60, 72. இங்கே சதவீதம் என்ற சொல்லே அர்த்தமிழந்துவிடுகிறது. கிரேடு சொல்வது "வகுப்பில் எங்கே நின்றார்" என்பதை மட்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் இதில் ஒரு கலவை. ஒரு பாடத்தில் மாணவர் எண்ணிக்கை 30-ஐத் தாண்டினால் ரிலேட்டிவ் முறை. 30 அல்லது அதற்குக் குறைவு என்றால் நிலையான வரம்பு. அந்த நிலையான வரம்பிலும் ஒரு மாற்றம் வந்தது: 56–60 பி, 6 புள்ளி, 50–55 சி, 5 புள்ளி, தவறினால் யு. ரிலேட்டிவ் கணக்கில் போடப்படுவது தேர்ச்சி பெற்றவர்களின் மார்க் மட்டுமே. அதனால் "தாள் கஷ்டம், கர்வ் போட்டு பாஸ் ஆக்கிவிடுவார்கள்" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. முதலில் சொந்தக் காலில் 50 எடுக்க வேண்டும், செமஸ்டர் தேர்வில் குறைந்தபட்ச மார்க்கும் வேண்டும், அதன்பிறகுதான் கர்வ்.

ஒரே கல்லூரியில் 2017 ரெகுலேஷன் அண்ணனும் 2021 ரெகுலேஷன் தம்பியும் 7.8 வைத்திருக்கலாம். இரண்டும் ஒரே எண், ஆனால் கடைசித் தேர்ச்சிப் புள்ளி ஒருவருக்கு 6, மற்றவருக்கு 5. ஜெர்மனிக்குப் போகும்போது இந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிதாகிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

முதலில் சிஜிபிஏவே சரியா

மாற்றுவதற்கு முன், கையில் இருக்கும் எண் சரியா என்று பாருங்கள். எட்டு செமஸ்டர் எஸ்ஜிபிஏவையும் கூட்டி எட்டால் வகுப்பவர்கள் நிறையப் பேர். கிரெடிட் எல்லா செமஸ்டரிலும் சமமாக இருந்தால்தான் அது சரி. முதல் செமஸ்டர் 22 கிரெடிட், எஸ்ஜிபிஏ 7.0, புராஜெக்ட் மட்டும் இருக்கும் கடைசி செமஸ்டர் 10 கிரெடிட், எஸ்ஜிபிஏ 9.5 என்று வையுங்கள். நேர்ச் சராசரி 8.25. சரியான கணக்கு: 22 × 7.0 = 154, 10 × 9.5 = 95, மொத்தம் 249; அதை 32-ஆல் வகுத்தால் 7.78. புராஜெக்டில் பலருக்கும் ஓ விழுவதால் நேர்ச் சராசரி பெரும்பாலும் ஆளை உயர்த்தியே காட்டும். சான்றிதழ் சரிபார்ப்பில் இது பிடிபட்டால் "தவறான தகவல்" என்ற தலைப்பில்தான் போகும், "கணக்குப் பிழை" என்று யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இன்னொன்று அரியர். அண்ணா பல்கலைக்கழக முறையில் ஆர்ஏ அல்லது யு வந்த பாடம் சிஜிபிஏ கணக்கிலேயே வராது. பாஸ் ஆனபின்தான் சேரும். அதனால் மூன்று அரியர் நிலுவையில் இருக்கும் ஒருவரின் சிஜிபிஏ, அவற்றை 6 புள்ளியில் பாஸ் செய்த நண்பரின் சிஜிபிஏவை விட நன்றாகத் தெரியும். கேம்பஸுக்கு வரும் நிறுவனங்கள் நிலுவை அரியர் எத்தனை, இதுவரை வந்த அரியர் எத்தனை என்று இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்பது இதனால்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் எஃப் என்றால் பூஜ்யம் என்று ஜிபிஏவிலேயே விழும். அங்கே படித்தவரின் 3.1-ஐயும் இங்கே அரியர் வைத்திருப்பவரின் 7.8-ஐயும் ஒன்றாக வைத்துப் பேசுவது முறையல்ல.

இந்திய நிறுவனங்களுக்கு

தனியார் வேலைக்கு முடிவு எளிது. படிவத்தில் "சிஜிபிஏ / சதவீதம்" என்று தேர்வு செய்யும் வசதி இருந்தால் சிஜிபிஏவைத் தேர்ந்தெடுத்து, உச்ச அளவு 10 என்று குறிப்பிட்டு 7.80 என்றே போடுங்கள். மாற்றாத எண்ணில் தகராறு வராது. சதவீதம் மட்டும்தான் ஏற்கும் என்றால் உங்கள் பல்கலைக்கழகம் சொன்ன சூத்திரம். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அது பத்தால் பெருக்குவது, எனவே 78.

அரசு வேலை, ஆசிரியர் வேலை, தகுதித் தேர்வு ஆகியவற்றில்தான் கவனம் தேவை. யுஜிசி நெட் தேர்வுக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. முழுமையாக்கல் கிடையாது, 54.9 என்றால் தகுதி இல்லை. பொறியியல் கல்லூரி ஆசிரியர் தகுதியில் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில்) கொடுத்த அட்டவணை ஒன்று உண்டு: 6.25-க்கு 55 சதவீதம், 6.75-க்கு 60, 7.25-க்கு 65, 7.75-க்கு 70, 8.25-க்கு 75. மேலே சொன்ன 0.75 கழிக்கும் கணக்கும் இதுவும் ஒன்றே.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் 6.50 இருந்தாலே முதல் வகுப்பு. 6.60 வாங்கியவர் பட்டச் சான்றிதழில் "முதல் வகுப்பு" என்று இருக்கும். பத்தால் பெருக்கினால் 66. ஏஐசிடிஇ கணக்கில் 58.5. விளம்பரம் "முதல் வகுப்பு" என்று கேட்கிறதா, "60 சதவீதம்" என்று கேட்கிறதா, "60 சதவீதம் அல்லது அதற்கு இணையான சிஜிபிஏ, ஏஐசிடிஇ விதிப்படி" என்று கேட்கிறதா என்பதைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். முதல் இரண்டில் அவர் தப்பித்துவிடுவார், மூன்றாவதில் மாட்டிக்கொள்வார். 6.5-க்கும் 6.75-க்கும் இடையில் இருப்பவர்கள், சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றிக் காட்டும் பல்கலைக்கழகச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும்.

அந்தச் சான்றைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியிலேயே. பெயர், பதிவு எண், ரெகுலேஷன் ஆண்டு, சிஜிபிஏ, சூத்திரம், கணக்கிட்ட சதவீதம், கையெழுத்து, முத்திரை எல்லாம் ஒரே தாளில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சூத்திரத்தை மட்டும் சொல்லி உங்கள் பெயர் இல்லாத பொதுச் சுற்றறிக்கை நகலைக் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். சரிபார்ப்பு மேஜையில் அதை ஏற்பதும் ஏற்காததும் அன்றைக்கு அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஜெர்மனிக்கு

ஜெர்மன் அளவுகோல் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி. மாற்றுவதற்கு அவர்கள் பயன்படுத்துவது திருத்திய பவேரியச் சூத்திரம்:

1 + 3 × (உச்சப் புள்ளி − உங்கள் புள்ளி) ÷ (உச்சப் புள்ளி − குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி)

உச்சம் 10, உங்கள் புள்ளி 7.8. மேலே இருப்பது எப்போதும் 2.2தான். கீழே இருப்பதுதான் ஆட்டத்தை மாற்றுகிறது.

ஐஐடி மெட்ராஸில் கடைசித் தேர்ச்சி கிரேடான ஈ-க்கு 4 புள்ளி: 3 × 2.2 ÷ 6, ஒன்றைக் கூட்டினால் 2.10.
அண்ணா பல்கலைக்கழகம் 2021 ரெகுலேஷன், சி-க்கு 5 புள்ளி: 2.32.
அண்ணா பல்கலைக்கழகம் 2017 ரெகுலேஷன், பி-க்கு 6 புள்ளி: 2.65.

ஜெர்மனியில் எத்தனையோ முதுகலைப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிடச் சிறந்த கிரேடு கேட்கின்றன. நாம் மேலே பார்த்த தம்பி உள்ளே போவார். அண்ணன் அதே 7.8-ஐ வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். இது அண்ணன் மோசமாகப் படித்ததால் வந்ததில்லை. அவர் காலத்து அளவுகோல் 6-இல் தொடங்கியதால் வந்தது. குறைந்தபட்சப் புள்ளியாக எதை எடுப்பது என்பதை மதிப்பிடும் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும்; அதற்கு அவர்கள் பார்ப்பது உங்கள் மார்க் ஷீட்டில் அச்சாகியிருக்கும் கிரேடு அட்டவணையை.

ஜெர்மனி விஷயத்தில் மிகப் பெரிய சேதம் இரட்டை மாற்றத்தில் நடக்கிறது. படிவத்தில் சதவீதம் போட வேண்டும் என்று தாமாகவே நினைத்துக்கொண்டு, 7.8-ஐ ஏஐசிடிஇ முறையில் 70.5 ஆக்கிவிட்டு, உச்சம் 100, தேர்ச்சி 50 என்று சூத்திரத்தில் போடுகிறார்கள். விடை 2.77. நேரடியாகப் போட்டிருந்தால் 2.32. ஒரு மாற்றம் ஒரு தடவைதான். ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். அது ஆவணங்கள் உண்மையானவையா என்று பார்ப்பதற்கு. கிரேடு மாற்றம் அதில் முடிந்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம்.

அமெரிக்காவுக்கு

10-ஐ 4-ஆக்க 2.5-ஆல் வகுத்தால் 3.12. இதை யாரும் கேட்கவில்லை என்றால் எழுத வேண்டாம். பெரும்பாலான அமெரிக்கப் பட்டமேற்படிப்புத் துறைகள் டிரான்ஸ்கிரிப்டில் உள்ள எண்ணை உள்ளபடியே, உச்ச அளவோடு கேட்கின்றன: 7.80, 10-க்கு. படிவத்தில் "மாற்ற வேண்டாம்" என்ற வரி இருந்தும் 3.12 என்று போட்டு, உச்ச அளவை 10 என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. பத்துக்கு 3.12 என்று படிக்கும் அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

சில பல்கலைக்கழகங்கள் டபிள்யூஇஎஸ் போன்ற வெளி மதிப்பீட்டைக் கேட்கும். அங்கே மொத்த சிஜிபிஏவை வகுத்துவிடுவதில்லை. பாடம் பாடமாக எடுத்து, ஒவ்வொரு கிரேடையும் அமெரிக்க எழுத்துக் கிரேடாக்கி, கிரெடிட்டோடு பெருக்கிக் கூட்டுகிறார்கள். 60 சதவீதத்தை இந்தியாவில் முதல் வகுப்பு என்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பெரும்பாலும் 2.5-ஆல் வகுத்த எண்ணைவிடக் கூடுதலாகவே வரும். நேர் வகுத்தலில் 3.0-க்குக் கீழே விழுபவர்களுக்கு, அதாவது சிஜிபிஏ 7.5-க்குக் குறைவாக இருப்பவர்களுக்கு, இந்தச் செலவு செய்யத் தக்கது. 8.5-க்கு மேல் இருப்பவர்கள் கேட்டால் ஒழிய செய்ய வேண்டியதில்லை. டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும் என்பதால் காலம் பிடிக்கும். கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி இரண்டு மூன்று மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் இந்தத் தலைவலி குறைவு. இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று அவர்களே தங்கள் பக்கத்தில் சதவீதமாகவோ சிஜிபிஏவாகவோ போட்டுவிடுகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின் முதல் தாளில் 64 வந்ததும் உடைந்துபோகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஊரில் 70-லிருந்து முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை உயர் இரண்டாம் வகுப்பு, 40 இளங்கலைத் தேர்ச்சி. 64 நல்ல மார்க்.

எந்த நாட்டுக்கானாலும் ஸ்கேன் எடுக்கும்போது மார்க் ஷீட்டின் முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கிரேடு அட்டவணை, ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை புள்ளி, தேர்ச்சிக்கு எது கடைசி, சதவீதச் சூத்திரம் எல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கம் இல்லாத விண்ணப்பத்துக்கு மதிப்பிடுபவர் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு குறைந்தபட்சப் புள்ளியைப் போட்டுக்கொள்வார். எட்டு மார்க் ஷீட்டுக்கும் பின்பக்கம் ஒன்றே என்றால் ஒரு தடவை எடுத்தால் போதும். இடையில் ஓராண்டு விட்டுப் படித்து ரெகுலேஷன் மாறியிருந்தால் இரண்டு அட்டவணையையும் சேர்த்து, எந்த செமஸ்டருக்கு எது என்று பல்கலைக்கழகத்தின் கடிதம் ஒன்றையும் அதே கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள்.